எடையைக் கேளுங்கள், பிறகு டயரை வாங்குங்கள்



சென்னையிலிருந்து வடக்கே தேசிய நெடுஞ்சாலையில் புறப்பட்டு, கும்மிடிப்பூண்டியைக் கடந்து தடாவை அடைந்தால் ஆந்திர மண்ணில் கால் வைத்துவிட்டோம். இடப்புறம் திரும்பினால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். 2016 முதல் இசுசு நிறுவனத்தின் டி-மேக்ஸ் பிக்கப் வண்டிகள் இங்கேதான் உருவாகின்றன. அருகே சின்னபாண்டூரில் அப்போலோ நிறுவனத்தின் டயர் ஆலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கிற்று. அந்நாளில் இவ்விடங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தன. பிக்கப் வண்டியும் டயரும் அக்கம்பக்கத்தில் பிறக்கும் இந்தப் பூமியில், ஒரு பிக்கப் வண்டிக்கு டயர் தேடி அலைந்த ஒரு நாளின் அனுபவத்தையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதுகில் வீட்டைச் சுமந்த வண்டி

மேலை நாடுகளில் பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய சிறு வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். அதற்குக் கேம்பர் என்று பெயர். அங்கே அது உல்லாசம். நம்மில் சிலருக்கோ அது பிழைப்பு. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்த சகோதரர் ஒருவர், பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, அதன்மேல் தகரக் கூரையும் பலகைச் சுவரும் அமைத்து, எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்துவந்தார். மாங்காய்ப் பருவத்தில் கிராமத்தார் கையில் பணம் புழங்கும். ஆகவே மே, ஜூன் மாதங்களில் மனைவி மக்களோடு வண்டியிலேயே தங்கி, ஊர் ஊராய்ச் சென்று விற்பார். அப்படி ஒருமுறை புறப்பட்டபோது, திருப்பதியில் எனக்கும் அலுவல் இருந்தமையால் உடன் சென்றேன்.

சத்தியவேடு, நாகலாபுரம் வழியாகப் புத்தூரை நெருங்கும்போது மலைகள் நம்மோடு கூடவே நடந்துவருவதுபோல் தோன்றும். கோடைக்காலத்தில் அந்தப் பாறைகள் உமிழும் அனல் சாதாரணமானதன்று. புத்தூரில் தேநீருக்காக இறங்கினோம். வண்டியைச் சுற்றிவந்த நான் பின்புற இடது டயரின் பக்கச் சுவரில் ஒரு வீக்கத்தைக் கண்டேன், கட்டைவிரல் அளவுதான். அதைச் சுற்றி மெல்லிய வெடிப்புகளும் ஓடின. அந்த வீக்கத்திற்கு நேர் மேலே, பலகைச் சுவருக்குள், அவருடைய இளைய மகள் பாத்திர மூட்டைகளின்மேல் உறங்கிக்கொண்டிருந்தாள்.

டயர்ச் சுவரில் வீக்கம் என்றால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதைப் பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்ய இயலாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாகத் திருப்பதி சேர்ந்தோம்.

ஒரே அளவு, இரு வேறு பலம்

கடைக்காரர் நன்றாகத் தமிழ் பேசினார். இரண்டு டயர்களைக் கொண்டுவந்து அருகருகே நிறுத்தினார். இரண்டிலும் அகலமும் விட்டமும் ஒன்றே. “அண்ணா, அளவு ஒன்றுதான். இது கார் டயர், விலை குறைவு. அது லோடு டயர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதானே? நான்கு டயருக்கும் சேர்த்துப் பாருங்கள், எவ்வளவு மிச்சம்!” என்றார்.

சகோதரரின் முகம் மலர்ந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. “ஐயா, மலிவானதையே போட்டுவிடலாமே?” என்று என்னைப் பார்த்தார்.

பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேர் இந்த இடத்தில் சறுக்கிவிடுகிறோம்! விலையைக் கேட்கிறோம், பட்டன் ஆழமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறோம். வண்டி எவ்வளவு சுமக்கிறது என்பதை மட்டும் கேட்பதில்லை. “முதலில் எடை போடுவோம், பிறகு வாங்குவோம்” என்றேன்.

அருகிலிருந்த எடைமேடைக்குச் சென்றோம். சரக்கு, தண்ணீர் டிரம், அடுப்பு, குடும்பம் யாவற்றோடும் மொத்த எடை 2,780 கிலோ. பின்பு பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்குமாறு நிறுத்தி எடுத்தோம், 1,760 கிலோ. அதாவது பின்புற டயர் ஒவ்வொன்றும் 880 கிலோவைத் தாங்கியாகவேண்டும்.

இனி டயரின் சுவரைப் படிப்போம். அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்ணே சுமைக் குறியீடு. கார் டயரில் 97 என்றிருந்தது. 97 என்றால் 730 கிலோ. லோடு டயரில் 106/104 என்றிருந்தது. முதல் எண் ஒற்றைச் சக்கரத்திற்கு, இரண்டாவது எண் இரட்டைச் சக்கரத்திற்கு. 106 என்றால் 950 கிலோ. ஒரு டயர் 150 கிலோ குறைந்து நிற்கிறது. மற்றது 70 கிலோ மிச்சம் வைத்து நிற்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925, 110 என்றால் 1,060. எழுத்து வேகத்தைக் குறிக்கும். N என்பது மணிக்கு 140 கிலோமீட்டர்.

சகோதரர் சற்று நேரம் பேசவில்லை. கழற்றிய பழைய டயரைப் புரட்டிப் பார்த்தார். அதிலும் 97 என்றே இருந்தது. அந்த டயர்களின்மேல்தான் இரண்டு பருவங்களாகத் தம் பிள்ளைகளை ஏற்றிச் சென்றிருக்கிறார்.

லோடு டயர்களையே வாங்கினார். ஆனால் பலமான டயர் போட்டதனால் வண்டியின் பலம் கூடிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் குறித்துள்ள மொத்த எடையைத் தாண்டலாகாது. அச்சும் பிரேக்கும் பழையவைதாமே! கூரை, சுவர் என்று வண்டியின் உருவத்தை மாற்றுவதற்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அதையும் அவரிடம் சொன்னேன்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

டயரின் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயர் பளபளப்பாயிருந்தாலும் புதியதன்று. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதியுங்கள். பத்தாண்டு ஆனதை, ஸ்டெப்னியானாலும் சரி, ஒதுக்கிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அச்சில் ரேடியல் ஒருபுறம், சாதா டயர் மறுபுறம் என்று கலக்காதீர்கள். இரண்டு மட்டுமே புதிதாக வாங்க முடிந்தால் பின்புறம் போடுங்கள். பின்சக்கரம் சறுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயரின் காலம் முடிந்தது.

சித்தூர்ச் சாலையில்

மறுநாள் காலை சந்திரகிரி வழியாகச் சித்தூருக்குச் சென்றோம். 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. கடைப் பலகைகள் தெலுங்கில் இருந்தாலும் பேச்சில் தமிழ் கலந்து ஒலிக்கும். சாலையின் இருமருங்கிலும் மாந்தோப்புகள். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் பிக்கப்புகளும் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசையாக நிற்கும். 2025-ஆம் ஆண்டு விலை வீழ்ந்தபோது அந்த வரிசைகள் மிக நீண்டன. விலை குறையக் குறைய, ஒரே நடையில் கூடுதலாக ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. வறுமை ஏற்றும் அந்தச் சுமையை டயர்தான் சுமக்கவேண்டியிருக்கிறது.

சித்தூருக்கு மேற்கே பலமனேரிலிருந்து இறங்கும் மொகிலி மலைப்பாதையை ஓட்டுநர்கள் அச்சத்தோடு குறிப்பிடுவார்கள். 2024 செப்டம்பரில் அங்கே அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டனர். பாரம் ஏற்றிய வண்டிக்கு அத்தகைய இறக்கம் பெரும் சோதனை. சுமை மிகுந்து காற்றும் குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் சுவர் மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே சூடு ஏறி, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, இறுதியில் வெடிக்கிறது. ஆகவே காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே, சுமைக்கு ஏற்றபடி வண்டிப் புத்தகம் சொல்லும் அளவுக்குக் காற்றைச் சோதியுங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள்.

புதிய டயர்களோடு வண்டி நிதானமாக ஓடிற்று. இடப்புறமிருந்த தண்ணீர் டிரம்மை நடுவே நகர்த்தியபின் சாய்வும் நீங்கிற்று. ஆனால் அன்று அவர் செய்த நல்ல காரியம் வேறொன்று. சரக்கு வண்டியின் பின்புறம் ஆட்கள் பிரயாணம் செய்வதற்குரிய இடமல்ல. டயர் எத்தனை நல்லதானாலும் அது மாறாது. இதை உணர்ந்து, திருப்பதியிலேயே மனைவியையும் பிள்ளைகளையும் சித்தூர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தார். நாங்கள் சித்தூர்ப் பேருந்து நிலையத்தை அடைந்தபோது, இளைய மகள் ஒரு மாம்பழத்தைக் கடித்தபடி எங்களுக்காகக் காத்திருந்தாள்.

அன்பானவர்களே, ஓடும் வண்டியில் ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளின்மேல் நம் குடும்பமும் பிழைப்பும் ஓடுகின்றன. பிரயாணத்திற்கு முன் முழங்கால்படியிட்டு ஜெபிக்கும் நாம், எழுந்திருக்குமுன் வண்டியின் அடியிலும் ஒருமுறை குனிந்து பார்ப்போமாக. உங்கள் போக்கும் வரவும் சமாதானமாயிருப்பதாக.