அவர் எழுந்தார்



அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதலின் திருநாளில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, "அல்மசீஹ் காம்" என்று வாழ்த்துவார்கள். "ஹக்கன் காம்" என்று மறுமொழி வரும். கிறிஸ்து எழுந்தார், மெய்யாகவே எழுந்தார் என்பது பொருள். எருசலேமில் நாம் திருக்கல்லறை ஆலயம் என்றழைக்கும் ஆலயத்தை அவர்கள் 'கியாமா' ஆலயம் என்கிறார்கள். அதே வினையிலிருந்து பிறந்த அப்பெயருக்கு உயிர்த்தெழுதல் என்பது அர்த்தம்.

'காம்' என்பது ஆலயத்திற்கென்று ஒதுக்கப்பட்ட சொல் அன்று. காலையில் படுக்கையை விட்டு எழும் பிள்ளைக்கும், இருக்கையை விட்டு எழுந்து நிற்கும் முதியவருக்கும் அதே வினைதான்.

தமிழ் அகராதியில் இவ்வினையைத் தேடினால் 'எழு' என்று காண்போம். அது கட்டளையாகவும் நிற்கும். அரபு மொழியிலோ ஒரு வினையைக் குறிப்பிடும் வடிவமே இறந்தகாலப் படர்க்கை: 'எழுந்தான்'. இலக்கணத்திலிருந்து உபதேசம் உண்டாக்க நான் துணியேன். ஆயினும் இவ்வேறுபாடு என்னை அடிக்கடி சிந்திக்கச் செய்கிறது.

துக்க வீட்டில், "எழுந்திரு, மனதைத் தேற்றிக்கொள்" என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையை அடக்கம்பண்ணித் திரும்பிய தாய்க்கு அது தாங்கவொண்ணாச் சுமை. எழுவதற்குப் பெலனற்றவரிடம் 'எழு' என்பது வெறுங்கட்டளை. சுவிசேஷமோ கட்டளையில் தொடங்குவதில்லை; 'எழுந்தார்' என்னும் நிறைவேறிய செய்தியில் தொடங்குகிறது.

ஆண்டவர் யவீருவின் மகளிடம் உரைத்த 'கூமி' என்னும் அரமேயச் சொல்லும், அரபுமொழியின் இவ்வினையும் ஒரே வேரில் முளைத்தவை. ஆனால் அவர் அதைத் தூரத்தில் நின்று சொல்லவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார் (மாற்கு 5:41).

2017 ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறன்று எகிப்தில் தன்தா, அலெக்சாந்திரியா நகரங்களின் ஆலயங்களில் குண்டுகள் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழு நாள் கழித்து உயிர்த்தெழுதலின் திருநாள் வந்தது. கண்ணீர் உலராத அந்த மக்களுக்கு அன்றைய வாழ்த்து அவர்களுடைய மனவலிமையின் அறிக்கை அன்று. தாங்கள் எழக்கூடாதிருந்த நாளிலும் அவர் எழுந்திருந்தார் என்பதே அதன் சாட்சி.

இவ்வினைக்கு இன்னொரு வழக்கும் உண்டு. 'பி' என்னும் இடைச்சொல்லோடு சேரும்போது, ஒரு கடமையை ஏற்று நிறைவேற்றுதலை அது குறிக்கும். பேதுருவின் மாமியும் ஜுரம் நீங்கி எழுந்தவுடன் பணிவிடை செய்தாள் (மத்தேயு 8:15). தூக்கிவிடப்பட்ட கை பிறரைத் தாங்கும் கையாகிறது.

ஆகையால் இவ்வாரம் துயருற்ற ஒருவரைக் காணச் செல்வீர்களானால், 'எழுந்திரு' என்று சொல்ல விரையாதிருங்கள். முதலில் அருகில் அமர்ந்து கையைப் பிடியுங்கள். எழுந்தவர் ஏற்கெனவே அவ்விடத்தில் இருக்கிறார்.

ஜெபம்: மரணத்தை ஜெயித்த ஆண்டவரே, விழுந்துகிடக்கிற எங்களைக் கைப்பிடித்துத் தூக்கியருளும். ஆமென்.