வெண்புகை கண்டதும் எஞ்சினைக் கைவிடலாமா?

பனிக்காலக் காலைகளில் ஸ்காபரோவில் எம்மவர் வாழும் அடுக்குமாடிகளின் வாகனத் தரிப்பிடங்களைப் பார்த்தால், கார்கள் யாவும் வெண்புகை கக்கிக்கொண்டு நிற்கும். அது பெரும்பாலும் வெறும் நீராவியே. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த காற்றில் பட்டு வெண்மையாகத் தெரிகிறது. சற்று நேரத்தில் கலைந்துவிடும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் புகை அடர்த்தியாகத் தொடர்ந்து, இனிப்பு வாடையும் வீசினால்தான் ஹெட் காஸ்கற்றின் மீது ஐயங்கொள்ள வேண்டும்.

சிலிண்டர்களைக் கொண்ட பிளாக்கிற்கும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட்டிற்கும் இடையிலுள்ள மெல்லிய தகடே காஸ்கற். பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே கார் ஒருமுறை கடுமையாகக் கொதித்தாலே ஹெட் வளைந்து காஸ்கற் பழுதாகக்கூடும்.

பிளாக் வெடிப்பதற்கோ இந்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் றேடியேற்றருக்குக் கிணற்று நீரே போதுமாயிருந்தது. இங்கு அது உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். அந்த விசைக்கு வார்ப்பிரும்பும் பிளக்கும். உறைதடுப்புத் திரவத்தையும் நீரையும் சரிபாதியாகக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை அளவு வரை அஞ்சவேண்டியதில்லை. பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். பாட்டுப் பெட்டியை அல்ல.

சென்ற மாரியில் எமது கட்டடத்து இளைஞர் ஒருவரின் காரைப் பார்த்த ஒரு கராஜில், காஸ்கற் போய்விட்டது, பிளாக்கும் வெடித்திருக்கும், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடும்படி கூறிவிட்டனர். அவரது இரவு வேலைத்தலம் பத்து நிமிட ஓட்டந்தான். ஆனால் அவ்வேளையில் அத்திசைக்குப் பஸ் இல்லை. காரில்லையேல் வேலையில்லை.

காட்டப்பட்ட சான்றுகள் இரண்டு: றேடியேற்றரில் நீர் குறைகிறது; ஒயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் குளிர்காலத்தில் நீராவி படிந்து அவ்வாறு தோன்றுவதுண்டு. ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தோம், ஒயிலில் கலப்பில்லை. பின்னர் அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் நீலத் திரவச் சோதனை செய்வித்தோம். எஞ்சின் ஓடுகையில் றேடியேற்றர் வாயில் எழும் காற்றை அத்திரவத்தினூடாக இழுப்பார்கள். எரிந்த வாயு நீருக்குள் புகுந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே நின்றது. அமுக்கச் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து தாழ்ந்திருந்தால்தான் இடையிலுள்ள காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். திரவம் மஞ்சளாகியிருந்தாலும், பழுது காஸ்கற்றிலா பிளாக்கிலா என்பதை ஹெட்டைக் கழற்றாமல் உறுதியாகக் கூறுதல் அரிது. மூடியை மட்டும் திறந்து பார்த்தவர்கள் பிளாக் வரை போனது எங்ஙனமோ!

அப்படியாயின் நீர் எங்கே? முன்னிருக்கையின் கால்விரிப்பைத் தூக்கினோம். ஈரம், அதே இனிப்பு வாடை. காருக்குள் வெப்பம் தரும் சிறிய றேடியேற்றரில் பொத்தல். முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாய் மங்குவதை அவர் பல வாரங்களாகத் துடைத்தே வந்திருக்கிறார்.

அந்தப் பாகத்தின் விலை அதிகமில்லை; முன்தட்டு முழுவதையும் கழற்றவேண்டியதால் கூலிதான் மிஞ்சியது. சிந்திய திரவம் நச்சு என்பதால், பிள்ளையின் இருக்கையைப் பூட்டுமுன் கம்பளத்தையும் மாற்றச் சொன்னேன். மாற்றினார். வாடை மட்டும் கோடை வரை போகவில்லை.