மருந்து இரண்டு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சலுக்கு உண்பதும் மருந்துதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்று கலந்து பட்டாசில் செலுத்துவதும் மருந்துதான். இந்த இரண்டாவது மருந்தை விட்டு முதல் மருந்துக்குப் போக விரும்பிய எங்கள் அக்காளைப் பற்றியதே இக்கட்டுரை.

அக்காளும் இதே பள்ளியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயின்று, பின்னர் வேதியியலில் பட்டம் பெற்று, சிவகாசியை அடுத்த ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரைக்குப் புது ஓடு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் மருந்து கலக்கும் அறையில் விபத்து நேர்ந்தது. எங்கள் தெருவில் நாங்கள் அத்தை என்று அழைக்கும் ஒருவர் பலத்த தீக்காயம் அடைந்தார்கள். மதுரைக்குச் சென்ற ஆம்புலன்ஸில் உடன் போனவள் அக்காள். “வழியெல்லாம் தண்ணீர் கேட்டார்கள். கொடுக்கலாமா, கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லையே!” என்று அன்றிரவு அழுதாள். மூன்றாம் நாள் அத்தை இறைவனடி சேர்ந்தார்கள். காரியங்கள் முடிந்த மறுநாள் அக்காள், “நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்” என்றாள்.

வீட்டில் எல்லோரும் திகைத்தோம். அவளுக்கு அப்போது வயது 23. கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. “இந்த வயசுக்கு மேலயா?” என்றார் அம்மா. நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டதை அக்காள் எடுத்துச் சொன்னாள். பிறகு எங்கே படிப்பது என்ற கேள்வி எழுந்தது.

அப்பாவுக்கு மதுரைதான் வேண்டும். 1954-ல் தொடங்கிய பெயர்பெற்ற கல்லூரி அல்லவா! அம்மாவுக்கு விருதுநகர். 2022-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். நினைத்தால் பஸ் ஏறி மகளைப் பார்த்துவிடலாம். எங்களுக்கோ அக்காள் விமானம் ஏறுவதைப் பார்க்க ஆசை! ஆனால் யார் எந்த ஊர் என்று பார்த்து இடம் தருவதில்லை, மதிப்பெண் வரிசைப்படியே தருவார்கள் என்று பிறகு அறிந்தோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி; ஆதலால் அது அக்காளுக்கு இல்லை. சென்ற ஆண்டு தேர்வில் அவள் தேறினாள். அரசுக் கல்லூரிக்கு அந்த மதிப்பெண் போதவில்லை.

அப்போதுதான் ஒரு தரகர் வீடு தேடி வந்தார். வெளிநாட்டில் உடனே இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்தபின் இங்கே தகுதித் தேர்வு. அதில் தேறாவிட்டால் வைத்தியம் பார்க்க முடியாது. எங்கள் மேல்படிப்பும் அந்தப் பத்திரத்துக்குள்தான் இருந்தது. அன்றிரவு எங்களுள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்காள் தன் பழைய ஆசிரியையான சிஸ்டரைப் பார்க்கப் போனாள். நாங்களும் உடன் போனோம். சிஸ்டர் அன்னா டெங்கலைப் பற்றிச் சொன்னார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த அவர் பிரான்சு நாட்டில் ஜெர்மன் மொழி கற்பித்து வந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில், ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள முடியாமல் பெண்கள் மடிவதை டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் மூலம் அறிந்தார். அன்றைய இந்தியாவில் தொழில் செய்ய பிரிட்டிஷ் பட்டம் வேண்டும் என்று மக்லாரன் அறிவுறுத்தினார். ஆகவே ஆங்கிலம் கற்று, அயர்லாந்தின் கார்க் நகரில் படித்து 1919-ல் பட்டம் பெற்றார். 1920-ல் ராவல்பிண்டிக்கு வந்தார். “யாருக்காகப் படிக்கிறோம் என்று தெரிந்திருந்ததால் எங்கே படிப்பது என்பதும் அவருக்குத் தெரிந்தது” என்றார்கள் சிஸ்டர்.

திரும்பும் வழியில் அக்காள், “நம்ம ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். கற்றுக்கொண்டு சிவகாசிக்கே திரும்பினார்கள். நானும் எங்கே படித்தாலும் இங்கேதான் வர வேண்டும். கடனோடு வந்தால் கடனுக்குத்தான் உழைப்பேன்” என்றாள். அன்று மாலை பத்திரம் பீரோவுக்குத் திரும்பியது.

இப்போது அக்காள் மாலையில் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் படிக்கிறாள். வரும் தேர்வை மீண்டும் எழுதுவாள். அவளுடைய நோட்டில் முதல் வரி விருதுநகர், இரண்டாவது மதுரை, மூன்றாவது தூத்துக்குடி. நான்காவது வரியில், “இம்முறையும் கிடைக்காவிட்டால் நர்சிங்” என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்து அம்மா கண் கலங்கினார், அக்காள் கலங்கவில்லை.

தோழியரே! தீக்காயம் பட்டால் உடனே 20 நிமிடம் குழாய் நீரில் காட்ட வேண்டும், மையோ பேஸ்டோ தடவலாகாது என்று அக்காள் எங்கள் தெருவுக்கே கற்றுக் கொடுத்திருக்கிறாள். டாக்டர் பட்டம் இனிமேல்தான் வர வேண்டும். வைத்தியம் இப்போதே தொடங்கிவிட்டது. அவள் வெற்றி பெற நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி