நூறு கிராம் வெள்ளியில் எத்தனை கிராம் வெள்ளி?

எங்கள் பரமத்தி வேலூர் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். நூறு வெற்றிலை ஒரு கவுளி. ஆனால் சுமைக் கணக்கில் ஒரு சுமைக்கு நூறு கவுளி அல்ல, 104 கவுளி! வாங்குகிறவனுக்கு நாலு கவுளி கூட இருக்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ ஆரம்பித்து வைத்த கணக்கு.

வெற்றிலையில் இப்படித் தாராளம் காட்டுகிற ஊரில், கடைத்தெருப் பக்கம் திரும்பி வெள்ளி வாங்கிப் பாருங்கள். கணக்கு தலைகீழ். நூறு கிராம் கொலுசு கேட்டால் நூறு கிராம் கொடுப்பார்கள். தராசில் குறையே இருக்காது. அந்த நூறு கிராமில் வெள்ளி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் முகம் கறுத்துப் போகும், பீரோவில் வைத்த வெள்ளித் தட்டு மாதிரி!

இந்த விஷயம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? அக்கா மகளுக்குச் சீர். தாய்மாமன் நான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கொலுசு இல்லாமல் வாசல்படி ஏற முடியாது. பத்திரிகைச் சன்மானத்தை நம்பி கொலுசு வாங்கக் கிளம்பியவனைப் பார்த்து அம்மாயிக்கே பாவமாகப் போய்விட்டது. டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சுருக்குப் பையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"எங்கம்மா எனக்குக் குடுத்தது கண்ணு. இருவத்தியொரு வெள்ளி ரூவா. இதை மாத்திக் கொலுசு வாங்கு. ஏமாந்துட்டு வந்துராதே!"

கடைசி வாக்கியம்தான் பாரம். 21 காசு கனமே இல்லை.

அவசரப்படாமல், நாலு கடை ஏறி, செவ்வாய்பேட்டை வரை போய் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். பி.காம். படிப்பில் டெபிட், கிரெடிட் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். 'டச்' பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக் கடையில் முதலில் கற்க வேண்டிய வார்த்தை இந்த 'டச்'தான். நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 70 டச் கொலுசு என்றால் நூறு கிராமில் 70 கிராம் வெள்ளி, மிச்சம் 30 கிராம் பெரும்பாலும் செம்பு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. சுத்த வெள்ளி மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும். அதில் கொலுசு செய்தால் நாலு நாள் குதித்து விளையாடியதுமே வளைந்து நெளிந்துவிடும். செம்பு சேர்த்தால்தான் முறுக்கு. சேலம் செவ்வாய்பேட்டைப் பட்டறைகளில் கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, சலங்கை தொங்கவிட்டு, மெருகேற்றி அனுப்புகிற கொலுசு வடநாடு வரைக்கும் போகிறது. அந்தக் கைவேலைக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

தப்பு எங்கே என்றால், 70 டச் பொருளை நூறு டச் விலைக்கு விற்றுவிட்டு, திரும்பக் கொண்டுபோகும்போது மட்டும் "இது எழுபதுதானுங்க" என்று ஞாபகப்படுத்துகிற இடத்தில்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகத்தான், இன்றைய விலையைக் காலைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளவும்). 100 கிராம் கொலுசு 20,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் தனி. அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. அதே கொலுசை மறு மாதம் விற்கப் போனால், வெள்ளி 70 கிராம்தான். கைக்கு வருவது 14,000. கூலியும் வரியும் காவேரியில் விட்ட விளக்கு மாதிரி, போனது போனதுதான்.

அதே பணத்துக்கு 999 முத்திரை போட்ட வெள்ளிக் காசு வாங்கியிருந்தால் ஏறக்குறைய முழுசும் வெள்ளி. கூலியும் கொஞ்சம்தான். ஆகவே அணிய வேண்டும் என்றால் கொலுசு; சேர்த்து வைக்க வேண்டும் என்றால் காசு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "கொலுசாவே வாங்கினா போட்டுக்கலாம், முதலீடாவும் ஆச்சு" என்று சொல்கிற மச்சான்மார்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடவும்.

முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் 2005-லிருந்தே இருக்கிறது. தங்கத்துக்கு இருப்பது போல ஆறு இலக்க அடையாள எண் 2025 செப்டம்பரில் வெள்ளிக்கும் வந்தது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில் தட்டினால் பொருளின் ஜாதகம் வந்துவிடும். அதில் இன்னொரு சூட்சுமம்: முத்திரைக்கு உரிய தரங்களில் ஆகக் கீழானது 800. அதாவது 80 டச். எனவே 70 டச் கொலுசில் முத்திரையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கிடைக்காது. 'ஜெர்மன் சில்வர்' என்று பளபளக்கிறதே, அதில் வெள்ளி மருந்துக்கும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான்.

இனி அம்மாயியின் சுருக்குப் பைக்கு வருவோம். நம்மூரில் நாணயக் கடை என்று தனியாக போர்டு கிடையாது. பழைய காசு வாங்குவதும் விற்பதும் வெள்ளிக் கடையில்தான். ஒரு கடைக்குப் போனேன். (பெயர் வேண்டாம். நாளைக்கும் அந்த வழியாகத்தான் நான் நடந்து போக வேண்டும்.) 21 காசையும் மொத்தமாக அள்ளித் தட்டில் கொட்டினார் கடைக்காரர். 245 கிராம் சொச்சம்.

"எல்லாம் பழைய ரூவாதானுங்களே? பாதி வெள்ளி, பாதி செம்பு. 122 கிராம் போட்டுக்கலாமுங்க."

"ஒவ்வொண்ணா வருஷம் பார்த்துப் பிரிச்சுக்கலாமுங்களா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழைத்தார் ஏலத்தில் பூவனையும் ரஸ்தாளியையும் ஒரே விலைக்குக் கேட்டால் ஏலக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் இங்கே ஒரே விலை கேட்டது அவர்!

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய் எல்லாம் ஒரே எடை: ஒரு தோலா, 11.66 கிராம். ஆனால் ஒரே வெள்ளி அல்ல. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு காசில் 10.69 கிராம். இரண்டாம் உலகப் போர் வந்தது, வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1940-லிருந்து 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். அதில் 5.83 கிராம்தான். கள்ளக் காசு அடிக்கக் கூடாது என்று விளிம்பின் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓட விட்டிருப்பார்கள். அதை வைத்தும் அடையாளம் காணலாம். 1947-ல் வந்த ரூபாய் சுத்த நிக்கல். பின்பக்கம் புலி உறுமும். வெள்ளி ஒரு குண்டுமணி கூடக் கிடையாது.

நிக்கலைப் பிடிக்கச் சுலபமான போலீஸ்காரர் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். 21 காசின் மேல் காட்டியதும் இரண்டு புலிகள் தாவி வந்து ஒட்டிக்கொண்டன. மிச்சத்தில் 1940-க்குப் பிந்தியது 7. அதற்கு முந்தியது 12.

கணக்கு: 12 காசில் 128 கிராம், 7 காசில் 41 கிராம். ஆக 169 கிராம் வெள்ளி. கடைக்காரர் சொன்னது 122. தேய்மானம் கொஞ்சம் போனாலும் வித்தியாசம் 40 கிராமுக்கு மேல். கிராம் 200 என்ற கணக்கில் 8,000 ரூபாய்! மேஜை மேல் வைத்து வருஷத்தைப் படிக்க எனக்கு ஆன நேரம் ஐந்து நிமிஷம். நான் எழுதிச் சம்பாதிக்கிற வேகத்தில் 8,000 ரூபாய்க்கு எத்தனை மாசம் ஆகும் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"இவ்வளவு கணக்குப் பார்த்தா நமக்குக் கட்டுப்படி ஆகாதுங்க" என்று பையை நகர்த்தினார். சண்டை போடவில்லை. கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்தேன். வெள்ளிக் கடையில் மிக உபயோகமான பயிற்சி, உட்கார்ந்த ஸ்டூலில் இருந்து எழுந்திருப்பதுதான்.

வீட்டுக்கு வந்து காசுகளை மறுபடி பார்த்தபோது ஒன்று 1911. இதற்கு ஒரு கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் யானை உருவம் ஒன்று பொறித்தார்கள். தும்பிக்கை சின்னதாகப் போய், யானை பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களின் மனம் புண்படும் என்று புகார் கிளம்பி, அரசாங்கம் காசை நிறுத்தி, 1912-ல் யானையின் தும்பிக்கையைச் சரி செய்து வெளியிட்டது. அதனால் 1911-க்குச் சேகரிப்பாளர்களிடம் வெள்ளி விலைக்கு மேல் மதிப்பு. இதைவிட அபூர்வம் 1939 என்று போட்ட ரூபாய். அகப்பட்டால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். அதே சமயம் யாராவது "அபூர்வக் காசு சார்" என்று 1939-ஐ நீட்டினால் உடனே வாங்கியும் விடாதீர்கள், போலி ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் ராமர் பட்டாபிஷேகம் போட்டு வெளியிட்ட காசு என்று சந்தையில் விற்கிறார்களே, கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை!

பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது. திருநீறு போட்டுத் தேய்ப்பதைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்போடு இருந்தால்தான் சேகரிப்பாளருக்குப் பிடிக்கும்.

விலை பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் ஒரு அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. மார்ச் 27-ம் தேதி சரிந்து 11 டாலருக்கும் கீழே போனது. 2011-ல் மறுபடி 50-க்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. 2025 அக்டோபரில்தான் அதைத் தாண்டியது. அந்த மாதம் சென்னையில் கிராம் 200 ரூபாய்க்கு மேல். கோடீஸ்வரச் சகோதரர்களையே கவிழ்த்த உலோகம் இது. சீட்டுப் பணத்தையும் பள்ளிக்கூடத்து ஃபீஸையும் இதில் போடலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அடகு வைக்கிற எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளவும்: ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிகளில் வெள்ளி நகை 10 கிலோ, காசு 500 கிராம் வரை அடகு பிடிக்க வழி இருக்கிறது. வெள்ளிக் கட்டிக்குக் கடன் கிடையாது.

அடுத்த வாரம் செவ்வாய்பேட்டைக்குப் போனேன். முதலில் டச் பார்க்கும் இடத்தில் மெஷினில் காட்டிச் சீட்டு வாங்கினேன். (அந்த மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். கெட்டியாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். எடை, விளிம்பு, காந்தம் எல்லாம் பார்த்த பிறகு இதைப் பார்ப்பது நல்லது.) சீட்டை நீட்டியதும் கடையில் பேச்சே மாறிவிட்டது. கழிவு போக 155 கிராம் சுத்த வெள்ளி. அதற்கு 80 டச்சில் 100 கிராம் கொலுசு ஒரு ஜோடி, 50 கிராம் 999 காசு ஒன்று, மிச்சம் கூலிக்கும் வரிக்கும் சரியாகப் போயிற்று. எடை, டச், கூலி, திரும்ப எடுக்கும் விதம் நாலையும் பில்லில் எழுதி வாங்கினேன். வாயால் சொன்ன டச் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வராது.

1911-ஐ நான் மாற்றவில்லை. அம்மாயியிடம் திருப்பிக் கொடுத்து, பன்றி யானைக் கதையைச் சொன்னேன். பொக்கை வாயால் சிரித்துவிட்டு, அதைக் கொள்ளுப் பேத்தி கையில் வைத்து மூடினாள்.

"இதை மட்டும் எந்தக் கடைக்காரன் கேட்டாலும் குடுக்காதே சாமி. உங்க மாமனுக்கும் குடுக்காதே."

அந்த இரண்டு நிக்கல் புலிகள்? "பாதிக்குப் பாதி வெள்ளின்னு சொன்னானில்ல, அவங்கிட்டயே போயி குடுத்து மாத்திட்டு வா!" என்கிறாள் அம்மாயி.