8 கோடி அரியர்!

செமஸ்டர் லீவுக்கு எங்க போகப் போறீங்க? கோவா, ஊட்டி, கொடைக்கானல்... கொஞ்சம் வசதியான பார்ட்டின்னா சிங்கப்பூர். அதானே? நான் போன ஊர் பேரைச் சொன்னா, 'அது எந்தக் கண்டத்துல இருக்கு?'ன்னு கேட்பீங்க. எங்க வகுப்புல அப்படித்தான் கேட்டாங்க. ஊர் பேரு ஃபோன்சவான். லாவோஸ் நாட்டோட வடகிழக்குல, ஷியாங்குவாங் மாகாணத்தின் தலைநகரம்.

லாவோஸ் நம்ம தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசு. மக்கள்தொகை சுமார் 75 லட்சம்தான். பக்கத்துல தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் பறக்கிற கூட்டம், இந்த நாட்டுக்கு மேலேயே பறந்து போயிடும். பாங்காக்ல வேலை பார்க்கிற அண்ணன் புண்ணியத்துல எனக்கு இந்தச் சான்ஸ் கிடைச்சது.

ராத்திரி பாங்காக்ல ரயில் ஏறினா, காலையில எல்லை ஊரான நோங்காய். அங்கிருந்து மீகாங் ஆத்து மேல 1994-ல கட்டின நட்புப் பாலத்தைத் தாண்டினா லாவோஸ். தலைநகர் வியஞ்சான்ல பஸ் பிடிச்சு, மலைப்பாதையில சுத்திச் சுத்திப் பத்து மணி நேரம். எலுமிச்சம்பழம் கைவசம் இருக்கட்டும், சொல்லிட்டேன்!

இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குப் போகணும்? ஜாடியைப் பார்க்க!

ஊறுகாய் ஜாடி இல்லைங்க. ஒவ்வொண்ணும் ஆள் உள்ளே இறங்கி நிக்கிற அளவுக்கு, பாறையைக் குடைஞ்சு செஞ்ச கல் ஜாடி. சிலது மனுஷனைவிட உயரம். பச்சைப் புல்வெளியில், யாரோ விளையாடிட்டு அப்படியே போட்டுட்டுப் போன மாதிரி சாய்ஞ்சும் நிமிர்ந்தும் கிடக்குது. ஊருக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற முதல் இடத்துலேயே முந்நூறுக்கும் மேல. மாகாணம் முழுக்க 2,100-க்கும் மேல இருக்காம். 2019-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்கு.

'குன் செயுங்னு ஒரு ராஜா போர்ல ஜெயிச்சான். படை முழுக்க ராட்சசங்க. அவங்களுக்குச் சாராயம் காய்ச்சி ஊத்தி வைக்கச் செஞ்ச ஜாடி'ங்கிறது உள்ளூர்க் கதை. எங்க ஹாஸ்டல் பசங்க கேட்டா உடனே நம்பிடுவாங்க! ஆனா, 1930-கள்ல இங்க தோண்டிப் பார்த்த மடலேன் கொலானிங்கிற பிரெஞ்சுப் பெண்மணிக்குக் கிடைச்சது எரிஞ்ச எலும்பும் பாசிமணியும். அதாவது, இது ஈமச் சடங்கு நடந்த இடம். நம்ம ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி ஞாபகம் வருதா? எனக்கு அதான் வந்தது. ஓர் இடத்துல ஜாடிக்கு அடியில இருந்த மண்ணைச் சோதிச்சு 2021-ல வெளியான ஆராய்ச்சி, அதை அங்க வெச்ச காலம் கி.மு. 1240-க்கும் 660-க்கும் நடுவுலன்னு சொல்லுது.

ஆஹா, போட்டோ எடுக்கலாம்னு ரெண்டு அடி பின்னாடி வைக்கப் போறீங்களா? இருங்க. தரையைப் பாருங்க.

வெள்ளையும் சிவப்பும்

புல்லுக்குள்ள சின்னச் சின்னக் கற்கள் பதிச்சிருக்காங்க. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளைப் பக்கம் நடக்கலாம். வெடிகுண்டு இருக்கான்னு தேடி, எடுத்து முடிச்ச நிலம். சிவப்புப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான் ரூல். ஜாடிகளுக்கு நடுவுல வட்டமா, கிணறு மாதிரி பள்ளங்கள் கிடக்குது. எல்லாமே குண்டு விழுந்த பள்ளம்.

வியட்நாம் போர் நமக்குத் தெரியும். சினிமாவுலயாவது பார்த்திருப்போம். பக்கத்து வீட்டுல நடந்தது தெரியாது. 1962-ல ஜெனீவாவுல ஒப்பந்தம் போட்டு, லாவோஸ் நடுநிலை நாடுன்னு அறிவிச்சாங்க. ஆனா 1964-லிருந்து 1973 வரைக்கும் அமெரிக்க விமானங்கள் இங்க கொட்டின குண்டு 20 லட்சம் டன்னுக்கும் மேல. மொத்தம் 5,80,000 தடவை பறந்து வந்திருக்கு. ஒன்பது வருஷத்துக்கு, ராத்திரி பகல் பார்க்காம, எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம். நம்ப முடியாம கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம்!

வியட்நாம்ல போட முடியாம மிச்சமான குண்டையும், தாய்லாந்துத் தளத்துக்குத் திரும்புற வழியில இங்கதான் கொட்டியிருக்காங்க. அந்தத் தளங்கள்ல ஒண்ணு உடோன் தானி. நாங்க ரயில்ல தூங்கிட்டே தாண்டி வந்த ஸ்டேஷன்!

இந்த மாகாணத்துலேயே தாம் பியூன்னு ஒரு குகை. குண்டுக்குப் பயந்து குடும்பம் குடும்பமா உள்ள ஒளிஞ்சிருந்தாங்க. 1968 நவம்பர் 24-ம் தேதி, குகை வாசலுக்குள்ளேயே ராக்கெட் பாய்ஞ்சது. 374 பேர் செத்துப் போனதா லாவோஸ் அரசு சொல்லுது.

30 சதவிகிதம் ஃபெயில்

இன்ஜினீயரிங் படிக்கிற மக்களே, இந்த இடத்துல கொஞ்சம் காதைக் கொடுங்க.

கொத்துக்குண்டுன்னா, ஒரு பெரிய உறைக்குள்ள நூற்றுக்கணக்கான குட்டிக் குண்டுகள். உறை வானத்துலேயே பிளந்து, குட்டிங்க எல்லாம் சிதறி விழும். ஒவ்வொண்ணும் டென்னிஸ் பந்து சைஸ். அதுல ஒரு வகைக்கு மேல்பக்கம் சின்னச் சின்ன வரப்பு வெச்சிருக்காங்க. காத்து அதுல மோதினா பந்து சுத்தும். போதுமான வேகத்துல சுத்தினா, மையவிலக்கு விசையில உள்ளே இருக்கிற பூட்டு திறந்து, குண்டு வெடிக்கத் தயாராகும். முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல நாம படிச்ச அதே விசை!

மரக்கிளையில மாட்டினா? சேத்துல மெத்துனு விழுந்தா? சரியாச் சுத்தலைன்னா? வெடிக்காது. லாவோஸ்ல விழுந்த குட்டிக் குண்டுகள் சுமார் 27 கோடி. அதுல 30 சதவிகிதம் வரைக்கும் வெடிக்கலை. அதாவது, சுமார் 8 கோடி குண்டு மண்ணுக்குள்ளேயே தங்கிடுச்சு.

எந்தத் தொழிற்சாலையிலாவது 30 சதவிகிதம் பொருள் ஃபெயிலானா இழுத்து மூடிடுவாங்க. நமக்கு ஒரு பேப்பர்ல ஃபெயிலானா, அரியர் வெச்சு நாமதான் எழுதணும். இங்க அரியர் வெச்சவன் ஒருத்தன், எழுதிட்டு இருக்கிறவன் இன்னொருத்தன். போர் முடிஞ்ச பிறகு மட்டும் 20,000-க்கும் மேற்பட்டவங்க வெடிக்காத குண்டுகளால செத்திருக்காங்க, இல்லைன்னா காயப்பட்டிருக்காங்க.

அந்தக் குட்டிக் குண்டுக்கு லாவோ மொழியில 'பொம்பி'ன்னு பேரு. நம்ம காதுல 'பொம்மை' மாதிரி விழுது. குழந்தைங்க கண்ணுக்கு அது அப்படித்தானே தெரியும்?

எங்களைக் கூட்டிட்டுப் போன கைடுக்கு என் வயசுதான். "சின்ன வயசுல உங்கம்மா என்னென்ன செய்யாதேன்னு சொல்வாங்க?"ன்னு கேட்டார். மழையில நனையாதே, வெயில்ல ஆடாதேன்னு சொன்னேன். "எங்கம்மா, கண்ட இடத்துல அடுப்பு மூட்டாதேன்னு சொல்வாங்க"ன்னார். மண்ணுக்கு அடியில பொம்பி இருந்தா, மேல எரியிற நெருப்புச் சூட்டுலேயே வெடிச்சிடுமாம். சாதாரணமா சொல்லிட்டு நடந்தார். எனக்குத்தான் கால் நகரலை.

வாங்கலாமா, வேண்டாமா?

ஃபோன்சவான் ரொம்ப அழகான ஊர். சுத்தி மலை, சில்லுனு காத்து. மூங்கில் கூடையில சுடச்சுட ஒட்டரிசிச் சோறு தர்றாங்க. கையால உருட்டிச் சாப்பிடலாம். ஆனா குண்டு உறைகள் இங்க வாசல்லயே நிக்குது. சில இடங்கள்ல வீட்டைத் தாங்குற தூணா, வேலிக் கம்பமா, வெங்காயத்தாள் வளர்க்கிற தொட்டியா!

பான் நாபியாங்கிற கிராமத்துல, போர்க்கால அலுமினியத்தை உருக்கி ஸ்பூன் செய்யறாங்க. கண் எதிர்லயே அச்சுல ஊத்தி எடுத்துக் காட்டறாங்க. நூடுல்ஸ் கடைக்கு ஸ்பூன், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வளையல். வாங்கிட்டுப் போய் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சீன் போடலாம்னு கை பரபரக்குது.

ஆனா ஒரு சிக்கல். நம்ம தெருவுல பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். இங்க பழைய இரும்பைப் பொறுக்கப் போறவங்க கையையும் காலையும் இழந்திருக்காங்க, உயிரையே விட்டவங்களும் உண்டு. அதுல குழந்தைங்களும் இருக்காங்க. நான் வளையல் வாங்கினா, அந்த உலோகத்துக்கு விலை கூடும். வாங்கலைன்னா, உருக்குறவர் வீட்டு அடுப்பு? அவரைக் குறை சொல்ல நான் யாரு? உருக்கிக் காட்டினவருக்கு அதுக்கான காசைக் கொடுத்தேன். வளையலுக்கு எடுத்து வெச்சிருந்த பணத்தை, டவுன்ல கண்ணிவெடி அகற்றும் அமைப்பான மேக் நடத்துற மையத்துல கொடுத்துட்டேன். நீங்க போனா என்ன செய்வீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா யோசிக்காம வாங்காதீங்க.

இந்த அரியரை கிளியர் பண்றவங்களைப் பத்திச் சொல்லியே ஆகணும். நிலத்தைக் கயிறு கட்டிப் பிரிச்சு, கையில டிடெக்டரோட அடி அடியா நகர்றாங்க. 'பீப்' கேட்டா உட்கார்ந்து மெதுவா மண்ணை விலக்கணும். ஆணியா இருக்கலாம், பொம்பியாவும் இருக்கலாம். இதுல பெண்கள் மட்டுமே இருக்கிற குழுக்களும் உண்டு. அவங்க தேடி முடிச்ச நிலத்துலதான் நெல்லு விளையுது, பள்ளிக்கூடம் எழும்புது, நாம போட்டோ எடுக்கிறோம்.

2016-ல அமெரிக்க அதிபர் ஒபாமா லாவோஸ் வந்து, இந்த வேலைக்கு மூணு வருஷத்துல 9 கோடி டாலர் தர்றதா அறிவிச்சார். பதவியில இருக்கும்போது அங்க வந்த முதல் அமெரிக்க அதிபர் அவர்தான். கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் உலக ஒப்பந்தம் 2010-ல அமலுக்கு வந்தது. அமெரிக்கா அதுல சேரலை. ரொம்பக் காலரைத் தூக்காதீங்க, இந்தியாவும் சேரலை.

நாளைக்கு நம்மில் யாராவது ஒருத்தர் ஏதோ ஒரு கம்பெனியில, எதுக்குன்னே சொல்லாம ஒரு குட்டி பார்ட்டை டிசைன் பண்ணச் சொல்லும்போது, 'இது ஃபெயிலானா யார் தலையில விடியும்?'னு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. எந்த சிலபஸ்லயும் இல்லாத இந்தக் கேள்விக்காகவே ஃபோன்சவானுக்கு ஒரு தடவை போகலாம்.

கிளம்பத் தயாரா?

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். ராத்திரி நல்லாவே குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

* பாங்காக்ல இருந்து வியஞ்சானுக்கே நேரா போற ரயிலும் 2024-லிருந்து ஓடுது.

* சைவப் பார்ட்டிகள் ஒட்டரிசி, காய், பழத்தை வெச்சு ஓட்டிடலாம். மீன் சாஸ் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

* யாரைப் பார்த்தாலும் 'சபாய்தீ' சொல்லிக் கும்பிடுங்க. நம்ம வணக்கம் மாதிரியேதான்.

* செல்ஃபி எடுக்கிற ஜோர்ல, வெள்ளைக் கல்லை மட்டும் தாண்டிடாதீங்க!