கம்பியில் வரும் இறைச்சி

பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுலின் புல்வெளிகளில் மாடு மேய்த்த கௌச்சோக்கள், தீ மூட்டி இறைச்சி சுட்டு உண்டார்கள். அந்தப் பழக்கமே பின்னர் 'ஷுராஸ்கரியா' எனும் உணவகமாயிற்று.

ஆளுக்கு ஒரே விலை. வயிறு நிறையும்வரை சாப்பாடு. நீண்ட கம்பியில் குத்திய இறைச்சியோடு வெயிட்டர்கள் மேசை மேசையாக வந்து வெட்டித் தருவார்கள். பல இடங்களில் மேசையில் ஓர் அட்டை இருக்கும். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் வந்துகொண்டே இருப்பார்கள். சிவப்பைத் திருப்பினால்தான் ஓய்வு. பெயர்போனது 'பிக்கான்யா' எனும் மாட்டின் பின்புற மேற்சதை. கொழுப்போடு வளைத்துக் கோத்து, கல்லுப்பு மட்டும் போட்டுச் சுடுகிறார்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள் எதுவுமில்லை. எமது சஹன் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கு சற்றுத் திகைக்கத்தான் செய்யும்!

ஆனால் கவனியுங்கள். அடுத்த கம்பியில் வரும் 'லிங்குயிசா' பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்தது. ஒரே அடுப்பில்தான் எல்லாம் வேகும். உலகிலேயே அதிகமாக ஹலால் கோழியிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். அதற்காக உள்ளூர் உணவகத்து இறைச்சியும் ஹலால் என்று எண்ணிவிடாதீர்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். லெபனான் வம்சாவளி முஸ்லிம்கள் வாழும் ஃபோஸ் டோ இகுவாசுவில் 1983இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் உண்டு, அங்கு விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் கறுப்பு அவரைக் கறியையும் விசாரித்தே தொடுங்கள், அதிலும் பன்றித் துண்டு சேர்ப்பதுண்டு. சலாது மேசையில் பச்சைக் காய்கறிகளும் பழங்களும் தாராளமாக இருக்கும்.