எங்கே போகக் கிளம்பினார்கள்?

தாம்பரம் ரயில் நிலையத்தில் கடைசி மின்சார ரயிலும் போன பிறகு, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு குழந்தைகளை ரயில்வே போலீசார் மீட்டார்கள். அக்காவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. பெயரும் ஊரும் இங்கே வேண்டாம்.

அம்மா இறந்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு அடிப்பார். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லங்கள். அக்கா ஓரிடம், தம்பி வேறிடம் என்று ஆயிற்று.

சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்குக் கட்டு என் கைக்கு வந்தது. வருமானம் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் இலவசமாக வக்கீல் வைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. வழக்குக் கட்டில், "ரயில் நிலையத்தில் ஆதரவின்றித் திரிந்தனர். சிறுமி பேச மறுக்கிறாள்" என்று இருந்தது.

சிறுமியை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். எதால் அடித்தார், எத்தனை நாளாக அடிக்கிறார் என்று மனுவுக்கு வேண்டியதையே கேட்டேன். குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாம் முறை சாப்பாட்டு நேரத்தில் போனேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"ஏம்மா, சாப்பிடல?"

"தம்பி சாப்பிட்டானா அக்கா? நான் ஊட்டுனாத்தான் அவனுக்கு இறங்கும்."

கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "அன்னிக்கு ரெண்டு பேரும் எங்கம்மா கிளம்பினீங்க?"

"ஆயா வீட்டுக்கு. செங்கல்பட்டு ரயில்ல போகணும். டிக்கெட்டுக்குக் காசில்ல. அப்படியே ஏறினா போலீஸ் பிடிக்கும்னு தம்பி அழுதான்."

அவர்கள் திரியவில்லை. போக வேண்டிய இடம் தெரிந்தே கிளம்பியிருந்தார்கள். அதைத்தான் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

குழந்தைகள் நீதிமன்றத்தில் முடிவெடுக்கும்போது அந்தக் குழந்தையைப் பற்றித் தனக்குப் போதிய அளவு தெரியவில்லையே என்று வருந்திய சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப், 1977இல் குழந்தைக்காக மட்டுமே பேசும் தன்னார்வலர்களை அமர்த்தினார். நம் சட்டமும் குழந்தையின் கருத்தைக் கேட்டே முடிவெடுக்கச் சொல்கிறது. கேட்க நேரம் ஒதுக்கும் ஆள்தான் நமக்குக் குறைவு.

மனு போட்டேன். முதல் கோரிக்கை, அக்காவும் தம்பியும் சந்திக்க வேண்டும். இரண்டாவது, ஆயாவைத் தேட வேண்டும். நலக் குழு இரண்டையும் ஏற்றது. சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. தேடிப் போனபோது, செங்கல்பட்டைத் தாண்டிய ஒரு கிராமத்தில், பேரப்பிள்ளைகளைக் காணோம் என்று தவித்துக்கொண்டிருந்தார் ஆயா. கண்காணிப்போடு குழந்தைகளை அவரிடமே ஒப்படைக்க உத்தரவாயிற்று. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் பரிந்துரைத்தார்கள். அப்பா மீதான வழக்கு தனியாக நடந்தது.

உத்தரவு வந்த நாளில் தம்பியின் கையை விடாமல் என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு டிக்கெட் எடுத்தாச்சா அக்கா?"

"எடுத்தாச்சும்மா" என்றேன்.